உஷார்! ஊசி போடுவது யார்? உங்கள் அட்டை அங்கே செல்லுமா?

ராஜபாளையத்துக்காரர்களே, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களே! கையிலிருக்கும் வேலையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் படியுங்கள். படித்ததும் வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் தெருவில் காய்ச்சலுக்கு ஊசி போடுகிறாரே, அவர் என்ன படித்தவர் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா?

துணி மடிப்புக்குள் பத்திரமாக வைத்திருக்கிறீர்களே காப்பீட்டு அட்டை, அது எந்த ஆஸ்பத்திரியில், எந்த நோய்க்குச் செல்லும் என்று தெரியுமா?

தெரியாது என்றால் ஆபத்து உங்கள் வாசலில் நிற்கிறது என்று பொருள். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஒரு குடும்பம் பட்ட பாட்டைக் கேட்டபிறகு சும்மா இருக்க மனம் வராமல்தான் எழுதுகிறேன்.

நடந்ததைக் கேளுங்கள்

ராஜபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம். நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பேர் வேண்டாம். பல வருஷமாகச் சர்க்கரை. ஒருநாள் தோப்புக்குப் போனபோது உள்ளங்காலில் முள் குத்தியது. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தார். மூன்றாம் நாள் கால் வீங்கியது.

ஜி.ஹெச்.சுக்குப் போனால் காத்துக் கிடக்க வேண்டுமே என்று, ஊரிலேயே இருக்கும் 'டாக்டரம்மா'விடம் போனார். அந்த அம்மா டாக்டர் இல்லை. நர்ஸும் இல்லை. எப்போதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உதவிக்கு இருந்தவர். வீட்டு முன்னறையில் ஒரு கட்டில், குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிட ஒரு ஸ்டாண்டு. வெளியே போர்டு கிடையாது. ஊர் முழுக்க அவருக்கு டாக்டரம்மா என்றுதான் பேர்.

இடுப்பில் ஓர் ஊசி. பழுப்புத் தாளில் மடித்த பொட்டலத்தில் மூன்று வேளை மாத்திரை. மாத்திரை அட்டையைக் கத்தரித்து ஒவ்வொன்றாகப் போட்டிருந்தார். மருந்தின் பேர் அச்சடித்த பக்கம் ஒரு துண்டில்கூட இல்லை. வெள்ளை ஒன்று, ரோஸ் ஒன்று, மஞ்சள் ஒன்று. அந்த வீட்டுக்கு அவ்வளவுதான் தெரியும்.

அன்று ராத்திரியே வலி விட்டது. "கைராசிக்காரம்மா" என்று வீடே கொண்டாடியது.

அங்கேதான் மோசம் போனார்கள்!

வலிதான் போனது. புண் உள்ளுக்குள் பழுத்துக்கொண்டே இருந்தது. வலி திரும்பிய போதெல்லாம் இன்னோர் ஊசி. ஒரு வாரத்தில் குளிர்காய்ச்சல் வந்தது. பெருவிரல் கறுத்தது. என்ன ஊசி போட்டார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஸ்டீராய்டாக இருக்கலாம் என்று பின்னால் பார்த்த டாக்டர் சந்தேகப்பட்டார். ஸ்டீராய்டு வலியையும் வீக்கத்தையும் அமுக்கிவிடும். அதே நேரம் சர்க்கரையைக் கிடுகிடுவென்று ஏற்றும். கிருமியோடு போராடும் சக்தியையும் குறைக்கும். சர்க்கரைக்காரர் காலுக்கு இதைவிட வேறு கேடு வேண்டாம்.

இரண்டாவது இடி மதுரையில் விழுந்தது.

மகள் தளவாய்புரத்தில் தையல் வேலைக்குப் போகிறவர். "நம்மகிட்டதான் அஞ்சு லட்ச ரூபா கார்டு இருக்கே, பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிருவோம்" என்று வாடகைக் கார் பிடித்து, வழியிலிருந்த அரசு ஆஸ்பத்திரிகளைத் தாண்டி மதுரைக்குப் போனார்கள். கவுன்டரில் அட்டையை நீட்டினால், "கார்டு இங்க எடுப்போம்மா, ஆனா இருதயத்துக்கு மட்டும்தான்" என்று பதில். அப்பா ஸ்ட்ரெச்சரில் நினைவு தப்பிக் கிடக்கிறார். முன்பணம் கட்டினால்தான் மேலே பார்க்க முடியும் என்றார்கள். அந்தப் பெண் கழுத்தில் கிடந்த சங்கிலி அன்று அடகுக் கடைக்குப் போனது.

உயிர் மிஞ்சியது. பாதி பாதம் போனது. வீட்டின் மேல் கடன் ஏறியது. இதே சிகிச்சையை அரசு ஆஸ்பத்திரியில் செலவில்லாமல் பார்த்திருக்கலாம் என்று அவர்களுக்குத் தெரிய வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இரண்டே இரண்டு கேள்விகள். ஊசி போடுவது யார்? அட்டை அங்கே செல்லுமா? இவற்றை நல்ல நாளிலேயே கேட்டிருந்தால் அந்தப் பாதம் இன்று முழுசாக இருந்திருக்கும்.

நர்ஸ் வேறு, நர்ஸ் வேஷம் வேறு

மில்லில் ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்கும், பேண்டேஜ் துணித் தறியில் நாள் முழுக்க நிற்கிற சத்திரப்பட்டிக்காரர்களுக்கும் பகலில் ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் கிடையாது. போனால் ஒரு நாள் கூலி போச்சு. ராத்திரி எட்டு மணிக்குக் கதவைத் தட்டினால் திறக்கிறவர், காசை அடுத்த வாரம் தரலாம் என்கிறவர் தெருவிலேயே இருந்தால் கால் அங்கேதான் போகும். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வசதிக்குக் கொடுக்கும் விலை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

படித்த செவிலியர் இந்த ஊர்களின் உயிர்நாடி. ஏ.என்.எம். என்றால் இரண்டு வருஷப் படிப்பு. ஜி.என்.எம். மூன்று வருஷம். பி.எஸ்சி. நர்ஸிங் நான்கு வருஷம். படித்து முடித்து, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் அவர் நர்ஸ். அந்தப் பதிவு பெற்றவர்களும் டாக்டர் எழுதிக் கொடுத்ததைத்தான் செய்வார்கள். அரசு வகுத்த வரம்புக்குள்தான் மருந்து கொடுப்பார்கள்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்று ஒரு வகை உண்டு. மேல்படிப்பு படித்த செவிலியர். நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதலாம். நம் நாட்டிலும் இந்திய நர்ஸிங் கவுன்சில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென்று அந்தப் படிப்பைக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் அவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குள், டாக்டர்களோடு சேர்ந்து வேலை பார்ப்பவர்கள். தெருவில் தனியாகக் கட்டில் போட்டு எல்லா நோய்க்கும் ஊசி போட எந்த நர்ஸுக்கும் அனுமதி இல்லை. "நானும் ஆஸ்பத்திரியில இருந்தவதான்" என்று யாராவது சொன்னால் நம்பி உடம்பைக் கொடுக்காதீர்கள்!

பிறகு யாரிடம் போவது? நிஜமான ஆட்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அவர் பொறுப்பு. பல துணை நிலையங்களில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்று படித்த செவிலியரையே அமர்த்தியிருக்கிறார்கள். அவர் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு பார்ப்பார்; தேவைப்பட்டால் டாக்டரோடு பேசி வழி சொல்வார். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. படுக்கையில் கிடப்பவர்களுக்குச் செவிலியரும் இயன்முறை சிகிச்சை செய்பவரும் வீட்டுக்கே வருவார்கள்.

நகராட்சிப் பகுதிகளுக்கென்று 2023 ஜூனில் நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தார்கள். அங்கே டாக்டர் உண்டு, செவிலியர் உண்டு. காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை. அந்த மாலை நேரம் வேலைக்குப் போகிறவர்களுக்காகவே வைத்தது. உங்கள் வார்டுக்கு உரிய மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

இதைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள்!

ஒன்று. பதிவு எண் இல்லை. டாக்டர் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கில் எல்லார் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். மருந்துச் சீட்டிலும் ரசீதிலும்கூட அது இருக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதி. கிளினிக்குக்கென்று தனிப் பதிவுச் சான்றிதழும் உண்டு. சுவரில் இரண்டும் இல்லையென்றால் உட்காராதீர்கள்.

இரண்டு. பேர் தெரியாத பொட்டல மாத்திரை. அட்டையைக் கத்தரித்து, பேரை மறைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஒவ்வாமை வந்து மூச்சுத் திணறும்போது அடுத்த டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே "என்ன மாத்திரை போட்டீங்க?" என்பதுதான். உங்களிடம் பதில் இருக்காது.

மூன்று. எதற்கெடுத்தாலும் ஊசி. ஊசி போட்டால்தான் சரியாகும் என்பது மூடநம்பிக்கை. டெங்கு காய்ச்சலில் சில வலி ஊசிகள் ரத்தக்கசிவை உண்டாக்கும். இடுப்பில் இடம் மாறிக் குத்தினால் நரம்பு அடிபட்டுக் கால் தொங்கிப்போகும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அப்படிக் காலை இழுத்து நடந்த கதைகள் உண்டு.

நான்கு. புது ஊசியை உங்கள் கண் முன்னால் உறை பிரிக்கவில்லை. இதை அசட்டை செய்யாதீர்கள்! 2018 தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் குறைந்த காசுக்கு ஊசி போட்ட ஒரு போலி டாக்டர், ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பலருக்கும் போட்டதாகப் புகார். ஒரு சிறு வட்டாரத்தில் பல பேருக்கு எச்.ஐ.வி. தொற்று. அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள்.

ஐந்து. நெஞ்சு வலிக்கு 'கேஸ் ஊசி'. வாயு என்று சொல்லி ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினால் அது கொலைக்குச் சமம். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் முதல்கட்ட மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புவதற்கென்றே 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்திருக்கிறது. அந்த வாய்ப்பைக் கேஸ் ஊசியில் தொலைத்துவிடாதீர்கள்.

ஆறு. நாய்க்கடிக்கு 'ஒரு டி.டி. போதும்'. போதாது! போதவே போதாது! டி.டி. ஊசி வெறிநோயைத் தடுக்காது. நாய் வளர்ப்புக்குப் பேர்போன ஊர் நம்முடையது. வீட்டு நாய்தானே என்று சும்மா விடுகிறவர்கள் நிறைய. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தடுப்பூசி இலவசம். சொன்ன நாட்களில் போய் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள். வெறிநோய் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. பாம்பு கடித்தாலும் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். மலையடிவாரத்துத் தோப்புகளில் வேலை பார்க்கிறவர்கள் கட்டுப்போட்டுக்கொண்டு, கீறிவிட்டுக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். விஷமுறிவு மருந்து இருக்கும் இடம் அரசு ஆஸ்பத்திரி.

ஏழு. கேட்டால் கோபம் வருகிறது. "இத்தனை வருஷமா பாக்குறேன், என்னையவே கேக்குறியா?" என்று சத்தம் போட்டால் அதுவே பதில். பதிவு பெற்ற டாக்டர் நம்பரைச் சொல்ல ஏன் தயங்கப்போகிறார்? தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் பேரைப் போட்டால் பதிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வீட்டிலிருக்கும் கல்லூரிப் பிள்ளையிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதிவில்லாமல் மருத்துவம் பார்த்தால் 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 34-ஆவது பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் புகார் சொல்லலாம். ஆட்சியரின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம்.

அட்டை இருக்கிறது என்ற தைரியம் மட்டும் போதாது!

இப்போது காப்பீட்டு அட்டைக்கு வருவோம். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், இங்கேதான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

2009 ஜூலையில் 'கலைஞர் காப்பீட்டுத் திட்டம்' வந்தது. 2012 ஜனவரி 11 முதல் 'முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்'. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இதை இணைத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2022-க்கு முன்பு இந்த வரம்பு 72,000 ரூபாய். அப்போது கிடைக்காது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இப்போது மறுபடி கேட்டுப் பாருங்கள். நீங்கள் ஒரு பைசா பிரீமியம் கட்ட வேண்டாம்.

ஆனால் இந்த 5 லட்சம் உங்கள் கையில் இருக்கும் பணம் அல்ல. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, முன் அனுமதி வாங்கியபிறகு கிடைக்கும் உதவி. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அட்டை வெறும் பிளாஸ்டிக்!

அட்டை விஷயத்தில் ஆபத்து அறிகுறிகள்

பழைய அட்டை. 2009-இல் கொடுத்த அட்டையை இன்னமும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறவர்கள் உண்டு. அது செல்லும் என்று நம்பி நள்ளிரவில் கிளம்பாதீர்கள். எண் இப்போது நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

"கார்டு எடுப்போம்" என்ற பொதுப் பதில். போர்டில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஓர் ஆஸ்பத்திரிக்கு இருதயப் பிரிவில் அனுமதி இருக்கும். எலும்புப் பிரிவில் இருக்காது. "இந்த நோய்க்கு, இந்த ஆபரேஷனுக்கு, இங்கே அட்டை செல்லுமா?" என்று நோயின் பேரைச் சொல்லிக் கேளுங்கள். பட்டியல் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்தார்களே என்று போய் நிற்காதீர்கள். இப்போதைய காப்பீட்டு ஒப்பந்தம் 2022 ஜனவரியில் தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தம். 2027 ஜனவரியில் முடிகிறது. அதை ஒட்டி இன்னொரு முறை சரிபாருங்கள்.

"முதலில் பணம் கட்டுங்கள், பிறகு கார்டில் கழித்துக்கொள்ளலாம்." உஷார்! முன் அனுமதி வந்த சிகிச்சைக்கு உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. மருந்துக்குத் தனி, ஸ்கேனுக்குத் தனி என்று கேட்டால் அந்த இடத்திலேயே நின்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அதையும் மீறிப் பணம் கட்ட நேர்ந்தால் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள்.

சாதாரணக் காய்ச்சல், புறநோயாளிச் சீட்டு, மாதாந்திர மாத்திரை. இவற்றுக்கு இந்த அட்டை இல்லை. இவற்றுக்கு அரசு ஆஸ்பத்திரிதான். அட்டையே தேவையில்லை.

பேர் விடுபட்ட குடும்பம். புதிதாக வந்த மருமகள் பேர் ரேஷன் கார்டில் ஏறிவிட்டதா? கல்யாணமான மகன் அப்பாவின் அட்டையில் வரமாட்டான். 25 வயது தாண்டிய பிள்ளையும் வேலைக்குப் போய்விட்ட பிள்ளையும் வரமாட்டார்கள். மகனோடு இருக்கும் தாய் தகப்பன் பேர் அந்த ரேஷன் கார்டில் இருக்கிறதா? பிரசவ அறை வாசலில் நின்றுகொண்டு இதையெல்லாம் தேடக் கூடாது. வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். கூலி போனாலும் போகட்டும். அது பின்னால் காக்கும்.

தரகர். ஆஸ்பத்திரி வாசலிலோ உங்கள் ஊரிலோ "அட்டை நான் வாங்கித் தாரேன், ரெண்டாயிரம் குடு" என்று ஒருவர் வந்தால் விரட்டிவிடுங்கள். அட்டை இலவசம். ஆதார் நகலையும் கைரேகையையும் கண்டவரிடம் கொடுக்காதீர்கள்.

மில் தொழிலாளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை

ராஜபாளையம் மில்களிலும் சுற்றுவட்டாரத்துத் தறிகளிலும் தையல் கூடங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்று பெரிய பாதுகாப்பு உண்டு. சட்டம் பொருந்தும் இடத்தில் வேலை பார்த்து மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்கினால் அது உங்கள் உரிமை. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், நிர்வாகம் 3.25 சதவீதம் போடும்.

கவனம்! பிடித்த பணம் உங்கள் கணக்கில் ஏறுகிறதா என்று பாருங்கள். காண்டிராக்ட் ஆளாக இருந்தால் இரண்டு மடங்கு கவனம். நோய் வந்தபிறகு "உங்க பேரே பதிவுல இல்லையே" என்று சொன்னால் யாரிடம் போய் அழுவது? இன்னொன்று, அவசரம் இல்லாத நேரத்தில் நேராகத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு இ.எஸ்.ஐ. பணம் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் உங்களுக்கு ஒதுக்கிய மருந்தகத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்துதான் மதுரை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கோ மற்ற இடத்துக்கோ எழுதி அனுப்புவார்கள்.

ஓய்வு பெற்றவர்களே, இது பலருக்குத் தெரியாது. குறைந்தது ஐந்து வருஷம் இ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைக்கும் மருத்துவ வசதி தொடரும். நூற்று இருபது ரூபாய்! மேலே சொன்னேனே, அந்தப் பெரியவருக்கும் இதை யாரும் சொல்லவில்லை.

உயிருக்குப் போராடும் நேரத்தில்

முதலில் 108. அட்டையைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

எதற்கெடுத்தாலும் மதுரைக்கு ஓடாதீர்கள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. மூச்சையும் ரத்தத்தையும் நிலைப்படுத்திவிட்டு, கடிதத்தோடு ஆம்புலன்ஸில் அனுப்புவார்கள். வாடகைக் காரில் முதலுதவி இல்லாமல் போகிற ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில்தான் பல உயிர் போகிறது.

மதுரை-தென்காசி நெடுஞ்சாலையில் விபத்தா? 2021 டிசம்பர் 18 முதல் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அட்டை வேண்டாம். எந்த ஊர்க்காரர், எவ்வளவு வருமானம் என்ற கேள்வியே இல்லை. ஆரம்பத்தில் 1 லட்சம் ரூபாய் வரை என்று இருந்தது. பிறகு 2 லட்சமாக உயர்த்தினார்கள்.

எந்த ஆஸ்பத்திரியாவது உயிருக்குப் போராடுகிறவரை வாசலோடு திருப்பி அனுப்பினால், 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவில் வையுங்கள். உயிரைக் காக்கும் உடனடிச் சிகிச்சை அரசு டாக்டருக்கும் தனியார் டாக்டருக்கும் ஒரேபோலக் கடமை. தைரியமாகக் கேளுங்கள்.

இன்றைக்கே செய்யுங்கள், நாளைக்கு வேண்டாம்!

ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். அட்டை எண், ரேஷன் கார்டு எண், இ.எஸ்.ஐ. எண் மூன்றையும் எழுதுங்கள். கீழே 108, மருத்துவ ஆலோசனைக்கான 104, காப்பீட்டுக்கான 1800 425 3993. அதற்குக் கீழே உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரின் போன் எண். வீட்டில் யாருக்கு என்ன நோய், தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பேர், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் எழுதுங்கள். எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி சுவரில் ஒட்டுங்கள்.

பிறகு அந்த 1800 எண்ணுக்குப் போன் போடுங்கள். "எங்க வீட்டுல சர்க்கரைக்காரர் ஒருத்தர், இருதய நோயாளி ஒருத்தர் இருக்காங்க. எங்களுக்குப் பக்கத்துல எந்த ஆஸ்பத்திரியில, எந்த நோய்க்கு இந்தக் கார்டு செல்லும்?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். போன் செய்த தேதியையும் போட்டு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி கேளுங்கள்.

ஊசி போடுகிற இடத்தில், சட்டையை விலக்கும் முன் மூன்று கேள்வி. "உங்க பதிவு எண் என்ன? இது என்ன மருந்து? எழுதித் தர்றீங்களா?" மரியாதையாகவே கேளுங்கள். ஆனால் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் தெருவில் பிள்ளைகள் திருப்பூரிலோ சென்னையிலோ இருக்க, தனியாக இருக்கும் ஆச்சி ஒருவராவது இருப்பார். அவருக்குப் போர்டு வாசிக்கத் தெரியாது. இணையதளம் பார்க்கத் தெரியாது. கால் வலி என்றால் கதவு திறந்திருக்கும் வீட்டுக்குத்தான் போவார். இந்த ஞாயிற்றுக்கிழமை ஓர் அரை மணி நேரம் அவர் வீட்டுக்குப் போங்கள். அட்டையை வாங்கிப் பாருங்கள், தாளை எழுதிச் சுவரில் ஒட்டிக் கொடுங்கள், மக்களைத் தேடி மருத்துவத்தில் அவர் பேரைச் சேர்க்கச் சொல்லிச் செவிலியருக்குப் போன் செய்யுங்கள். அடுத்த முள் யார் காலில் குத்தும் என்று யாருக்கும் தெரியாது.